குழாயடியில் என் பத்தாம் தேதி

பெங்களூர் ஒக்கலிபுரத்துக்குக் குடிவந்த மூன்றாம் நாள் காலையில், குழாயடியில் நின்றவர்கள் என் பெயரைக் கேட்பதற்கு முன்னால் என் தேதியைக் கேட்டார்கள். கேட்டவள் ஜெயம்மா. எங்களுக்கு எதிர்வீடு, கன்னடக்காரி, அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். “உன் தாரீகு யாவாகம்மா?” என்றாள், பாதி தமிழும் பாதி கன்னடமுமாக. கல்யாணத் தேதியைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, புதுப்பெண் வெட்கத்தோடு ஆவணி மாசம் என்றேன். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டிருந்த ஐந்து பெண்களும் சிரித்தார்கள். அவர்களில் ஒரு தமிழ்க்காரம்மாதான் என் காதோடு சொன்னாள், வீட்டுக்குத் தூரமாகிற தேதியைக் கேட்கிறாள் என்று. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆரணியில் என் அம்மாகூட அதை வாய்விட்டுக் கேட்டதில்லை, முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள்.

நம்மூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டும். நம் பக்கத்தில் வட்டாரம் என்றால் நாலைந்து ஊர் சேர்ந்த இடம். பெங்களூரில் ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறேழு வீடு இருந்தால் அதுதான் வட்டாரம். எங்கள் வட்டாரத்தில் ஆறு வீடு, ஒரு குழாய். ரயிலடிக்குப் பக்கம் என்பதால் இன்ஜின் கரி வந்து விழுந்துகொண்டே இருக்கும், குழாயைச் சுற்றி மட்டும் துடைத்துவைத்த மாதிரி சுத்தமாக இருக்கும். தூரமான பெண் மூன்று நாள் குழாயைத் தொடக்கூடாது. அப்படியென்றால் அந்த வீட்டுக்குத் தண்ணீர் யார் பிடிப்பது? அதற்காக ஜெயம்மா ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். இரண்டிரண்டு வீடாக ஜோடி. இவளுடைய நாளில் அவள் பிடித்து ஊற்ற வேண்டும், அவளுடைய நாளில் இவள். இரண்டு பேருடைய தேதியும் ஒன்றாக விழுந்தால் ஜோடியை மாற்றிவிடுவாள். குழாய்ச் சுவரில் கரித்துண்டால் ஆறு கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு எண் எழுதியிருப்பாள். ஆண்கள் அதைத் தண்ணீர் பிடிக்கும் முறை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு விதத்தில் அது சரிதான்.

ஐந்து கட்டத்தில் எண் இருந்தது. ஆறாவதற்கு ஜெயம்மா கரித்துண்டோடு காத்துக்கொண்டிருந்தாள். என் சங்கடம் என்னவென்றால், எனக்குத் தேதியே கிடையாது. பதினாலு வயதில் உட்கார்ந்தேன். அப்புறம் நாலு மாதம் ஒன்றுமில்லை. பிறகு வந்தது, பதினைந்து நாள் நிற்கவில்லை. அதற்கப்புறம் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, அதன் இஷ்டம். மோவாயில் ஆண்பிள்ளை மாதிரி நாலைந்து முடி வேறு. அம்மா சாமணத்தால் பிடுங்கி மஞ்சள் பூசிவிடுவாள். பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அத்தை சமையலறைக்குள் வந்து, மாதாமாதம் சரியாக ஆகிறதா என்று கேட்டாள். மணி அடித்த மாதிரி ஆகும் என்று அம்மா கண்ணிமைக்காமல் சொன்னாள். வண்டி ஏறுகிற அன்றைக்கும் அதே பேச்சுதான், ஊர் விட்டு ஊர் போகிறாய், உடம்புக் கதையை எவளிடமும் வாயைத் திறந்து சொல்லாதே என்றாள். அந்தப் பயத்தோடு குழாயடியில் நின்ற நான், எந்த எண் காலியாக இருக்கிறது என்று சுவரைப் பார்த்தேன். பத்து என்றேன். ஜெயம்மா எழுதிக்கொண்டாள். அவளே எனக்கு ஜோடியும் ஆனாள்.

அன்றைக்குப் பிடித்த சனி மூன்று வருஷம் விடவில்லை. மாதம் பிறந்து பத்தாம் தேதி ஆனால் நான் நடையில் ஒரு பாயையும் ஒரு தட்டையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். உடம்பில் ஒன்றும் இருக்காது. ஜெயம்மா எங்கள் வாசலில் எட்டுக் குடம் ஊற்றிவிட்டுப் போவாள். என் வீட்டுக்காரருக்கு ரயில்வே ஷெட்டில் பிட்டர் வேலை, காலையில் ரசமும் சோறும் வைத்துவிட்டு ஓடுவார். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அந்த மூன்று நாளும் எனக்குப் பிடித்திருந்தது. எவரும் எதையும் கேட்கமாட்டார்கள். வாரப் பத்திரிகையை அட்டையிலிருந்து அட்டை வரைக்கும் படிப்பேன். நிஜமாகவே வந்துவிட்டால்தான் பாடு. இருபத்திரண்டாம் தேதியில் வரும், மூன்றாம் தேதியில் வரும். இடுப்பு கழன்றுபோகிற வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்து பேருக்கு நடுவில் சிரித்துப் பேசித் தண்ணீர் பிடிப்பேன். துணியைத் துவைத்து வெளியே போட முடியாது, கதவுக்குப் பின்னால் பாவாடைக்கு அடியில் மறைத்து உலர்த்துவேன். வீட்டுக்காரரிடம் தலைவலி என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வேன். மற்றவர்கள் தேதி இரண்டு நாள் முன்னே பின்னே நகரும், ஜெயம்மா மாதாமாதம் அழித்து எழுதுவாள். என் பத்து மட்டும் நகரவே நகராது. “கடியாரம் நீ” என்று என்னைப் புகழுவாள். வட்டாரத்திலேயே மாறாத தேதி உடையவள், தேதியே இல்லாத நான்.

இதைவிடப் பெரிய சங்கடம் என் கோபம். இன்ன கோபம் என்று சொல்லத் தெரியவில்லை. நன்றாக இருக்கிறபோதே ஒருநாள் காலை எழுந்தால் உலகத்தையே பிடிக்காது. மார்பு கட்டி வலிக்கும், கால் வீங்கும், வளையல் கையில் இறுகிக்கொள்ளும். வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டாலே அழுகை வரும். ஒரு தடவை காபி வடிகட்டியைச் சூடாக இருக்கும்போதே முற்றத்தில் வீசினேன். நல்லவேளை, யார் மேலும் படவில்லை. இன்னொரு தடவை குழாயடியில், ஜெயம்மா என் குடத்தை ஒரு சாண் தள்ளி வைத்தாள் என்பதற்காக அவளுடைய பித்தளைக் குடத்தைத் தூக்கிக் கல்மேல் போட்டேன். குடத்தின் வயிற்றில் ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. ஏழெட்டு நாள் ஆட்டிவைக்கும், பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி போய்விடும். போனபிறகு எனக்கு வருகிற வெட்கம் இருக்கிறதே, அதைச் சொல்ல முடியாது. எல்லாரிடமும் போய் மன்னிப்புக் கேட்பேன். மூன்றாவது நாலாவது தடவைக்கு மேல் மன்னிப்புக்கு என்ன மதிப்பு?

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஆனால் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. ஆரணியில் இருந்த மாமியாருக்கு அவரே எழுதிவிட்டார். மாமியார் பதில் போட்டாள், பக்கத்து வீட்டுப் பையனை விட்டு எழுதவைத்து. மாதாமாதம் பத்தாம் தேதி ஒழுங்காக ஆகிறவளுக்கு வயிற்றில் ஏன் தங்கவில்லை, புத்தி வேறு சரியில்லை என்கிறாய், தீபாவளிக்கு அழைத்துவந்து அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வா, கொஞ்ச நாள் இருக்கட்டும். கொஞ்ச நாள் என்றால் என்ன என்பது நம்மூர்ப் பெண்களுக்குத் தெரியும். எங்கள் தெருவிலேயே அப்படிக் கொஞ்ச நாளைக்கு வந்து, தலை நரைத்தும் திரும்பிப் போகாதவள் ஒருத்தி இருந்தாள். கடிதத்தை வீட்டுக்காரர் என்னிடம் காட்டவில்லை, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் திரிந்தார். துவைக்கப்போட்டபோது நான் எடுத்துப் படித்தேன். தீபாவளிக்கு ஐந்து வாரம் இருந்தது.

இந்த இடத்தில் ஜெயம்மாதான் உள்ளே வந்தாள். குடத்தில் பள்ளம் விழுந்ததற்கு ஒருவாரம் என்னோடு பேசாமல் இருந்தவள், நடையில் நான் உட்கார்ந்து அழுவதைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். கடிதத்தைச் சொன்னேன். தேதியைச் சொல்லவில்லை. அவளுடைய தங்கைக்கும் இப்படிக் குழந்தை தங்காமல் இருந்து, மல்லேஸ்வரத்தில் ஒரு லேடி டாக்டரிடம் காட்டிச் சரியானதாம். வா என்றாள். என் வீட்டுக்காரரிடம் அவளே பேசினாள். ஊருக்கு அனுப்புகிறதற்கு முன்னால் ஒரு தரம் காட்டிவிடலாம், பிறகு உங்கள் பாடு என்று சொன்னாளாம். அவர் தலையசைத்தார். மூன்று பேரும் ஜட்காவில் போனோம். அவர் வெளியே வேப்பமரத்தடியில் நின்றுவிட்டார், ஆண்கள் உள்ளே வருகிற வழக்கமில்லை.

டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது, கன்னடமும் இங்கிலீஷும்தான். எனக்கு மூன்று வருஷத்தில் கன்னடம் காதில் ஏறியிருந்தது, வாயில் ஏறவில்லை. குழாயடிக்குப் போதும், டாக்டரிடம் பேசப் போதாது. அதனால் ஜெயம்மா எனக்கும் டாக்டருக்கும் நடுவில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். டாக்டர் முதலில் என் மோவாயைப் பார்த்தார். பிறகு படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து தேதியைக் கேட்டார். என்னிடம் திரும்பிக் கேட்க வேண்டும் என்றே ஜெயம்மாவுக்குத் தோன்றவில்லை. “ஹத்தனே தாரீகு, டாக்டரே. மூரு வர்ஷதிந்த தப்பில்லா” என்று அவளே சொல்லிவிட்டாள். பத்தாம் தேதி, மூன்று வருஷமாகத் தவறியதில்லை. சொல்லும்போது குரலில் ஒரு பெருமை வேறு. தண்ணீர் பிடிக்கிறவள் அவள்தானே, அவளுக்குத் தெரியாதா?

டாக்டர் எழுதப்போனவர் எழுதவில்லை. பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். எந்தப் பெண்ணின் உடம்பும் காலண்டரைப் பார்த்து நடக்காது, ஒழுங்காக ஆகிறவளுக்கும் ஒருநாள் இரண்டுநாள் தள்ளும், மூன்று வருஷம் ஒரே தேதி என்பதை நான் கேட்டதே இல்லை, அவளையே கேள் என்றார். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. ஜெயம்மா என் பக்கம் திரும்பினாள். “கேக்கறாங்க. சரியா சொல்லு” என்றாள்.

இரண்டே வழிதான் எனக்கு இருந்தது. பத்து என்று இன்னொரு தடவை சொன்னால் டாக்டர் ஏதாவது டானிக் எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுவார், தீபாவளிக்கு ஆரணி. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் இந்த முக்காலியில் உட்கார்ந்திருக்கிறவளிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். மாதம் மூன்று நாள், எட்டெட்டுக் குடம், மூன்று வருஷம் எனக்காகத் தூக்கியவள். நான் தீட்டோடு பிடித்துக்கொடுத்த தண்ணீரில் பூஜை பண்ணியவள். அவள் முகத்தைப் பார்த்தால் வாய் வராது என்று மேசைமேல் இருந்த பேனாவைப் பார்த்தேன்.

“அக்கா, பத்தாந்தேதி பொய். எனக்குத் தேதியே கெடையாது. ரெண்டு மாசம் கழிச்சும் வரும், நாலு மாசம் கழிச்சும் வரும். வந்தப்ப எல்லாம் மறைச்சிக்கிணு தண்ணி புடிச்சேன். இத அவங்ககிட்ட சொல்லுங்க.”

ஜெயம்மா முக்காலியை விட்டு எழவில்லை. அவள் எழுந்து போயிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. மாற்றிச் சொல்லியிருந்தாலும் தடுக்க எனக்கு வாயில்லை. அவள் டாக்டர் பக்கம் திரும்பி, நான் சொன்னதை அப்படியே கன்னடத்தில் சொன்னாள். இரண்டு மாதம், நாலு மாதம், எல்லாம் சொன்னாள். மறைத்துத் தண்ணீர் பிடித்ததையும் சொன்னாள். டாக்டருக்கு அது தேவையே இல்லை, விட்டிருக்கலாம். விடவில்லை. டாக்டர் மாதக் கணக்கை மட்டும் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு டாக்டர் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். கோபம் எப்போது வருகிறது, அது வந்து எத்தனை நாளில் ரத்தம் வருகிறது? நான் வாயைப் பிளந்தேன். குடத்தைக் கல்மேல் போட்டேனே, அதற்கு நாலாம் நாள்தான் வந்தது. காபி வடிகட்டியை வீசிய அந்த வாரக் கடைசியில் வந்தது. யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றும் அப்படியே இருந்தது. மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட எனக்கு இது உறைக்கவில்லை. என் தேதி பத்து என்று ஊருக்குச் சொல்லிச் சொல்லி, என் புத்தியும் அதையே நம்பிவிட்டது. பத்துக்கும் கோபத்துக்கும் சம்பந்தம் இல்லை, ஆகவே நான் கெட்ட குணக்காரி. வீட்டுக்காரர் அப்படி நினைத்ததில் என்ன தப்பு, நானே அப்படித்தான் நினைத்தேன்.

டாக்டர் சொன்னதை ஜெயம்மா சொல்ல நான் புரிந்துகொண்ட மட்டில் இதுதான். கருப்பைக்கு இரண்டு பக்கமும் முட்டைப்பை இருக்கிறது, மாதம் ஒரு முட்டை வெளியே வர வேண்டும். என்னுடையதில் தோல் தடித்து முட்டை வெளியே வராமல் சின்னச் சின்ன நீர்க்கொப்புளமாக நின்றுவிடுகிறது. உடம்புக்குள் ஊறுகிற சிலவற்றுக்கு ஹார்மோன் என்று பெயர், அவை தாறுமாறாக இருக்கின்றன. முடி முளைப்பதும், உடம்பு பெருப்பதும், கோபமும் அதனால்தான். பேய் இல்லை, பைத்தியம் இல்லை, திமிர் இல்லை. முழுக்கக் குணமாகும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. ஆபரேஷன் ஒன்று இருக்கிறது, பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம் என்றார். இப்போதைக்கு மாத்திரை, சோற்றைக் குறை, தினமும் நட, வளையல் இறுகுகிற நாட்களில் உப்பையும் காபியையும் விடு. எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் எழுதிவை, பொய்யில்லாமல் எழுதிவை என்றார். பிறகு என் வீட்டுக்காரரை உள்ளே கூப்பிட்டார். ஆண்கள் வராத அந்த அறையில் அவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். இது குணக்கேடு இல்லை, வியாதி, இவளை ஊருக்கு அனுப்பினால் வைத்தியம் யார் பார்ப்பார்கள் என்று டாக்டர் கேட்டார்.

திரும்பும்போது அவர் ஷெட்டுக்குப் போய்விட்டார், நானும் ஜெயம்மாவும் சேஷாத்ரிபுரம் வழியாக நடந்து வந்தோம். அவள் நாலடி முன்னால் போனாள். பாதி வழியில் நின்று, திரும்பாமலே, “கௌரி ஹப்பத தினா?” என்று கேட்டாள், அந்தப் பண்டிகை நாளிலுமா என்று. கௌரி பண்டிகை இங்கே கன்னடப் பெண்களுக்கு எவ்வளவு பெரியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வருஷம் அவளுக்கு விரலில் அடிபட்டிருந்ததால் கலசத்துக்குத் தண்ணீரை நான்தான் பிடித்துக் கொடுத்தேன். எனக்கு அன்றைக்கு இரண்டாம் நாள். ஆமாம் என்றேன். அவள் மறுபடியும் நடந்தாள்.

அடுத்த எட்டு நாள் எனக்கு டாக்டர் நினைவே இல்லை, ஜெயம்மா நினைவுதான். மற்ற நாலு வீட்டுக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும், வட்டாரத்தை விட்டே எங்களைக் கிளப்பிவிடுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். குழாயடியில் எல்லாரும் எப்போதும் போல் பேசினார்கள். ஜெயம்மா மட்டும் என்னைப் பார்க்கவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் அவள் தனியாகக் குழாயைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கோமியம் தெளித்தாள், மஞ்சள் பூசினாள், பொட்டு வைத்தாள். என்ன விசேஷம் என்று தெலுங்குக்கார அம்மா கேட்டதற்கு, நேர்த்திக்கடன் என்றாள். ஒருத்தியிடமும் அவள் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. தேய்த்து முடித்துவிட்டுச் சுவருக்குப் போனாள். ஆறாவது கட்டத்தில் இருந்த பத்தை ஈரத்துணியால் துடைத்தாள். கையில் கரித்துண்டை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, முதல்நாள் கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள்.

“தெரியலக்கா” என்றேன்.

“ஹூம். தெரிஞ்சப்ப சொல்லு” என்று கரித்துண்டைக் கீழே போட்டாள். கட்டம் காலியாகவே நின்றது. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அது வியாதி அழுகை இல்லை.

இதெல்லாம் நடந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. தீபாவளிக்கு என்னை ஆரணியில் விடவில்லை. வீட்டுக்காரர் டாக்டர் சொன்னதை உடனே நம்பிவிட்டார் என்று சொல்லமாட்டேன். அவர் பிட்டர், எதையும் அளந்து பார்த்தால்தான் நம்புவார். நான் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் என் உடம்பை எழுதினேன். அவர் எனக்குத் தெரியாமல் தன் பாக்கெட் டைரியில், நான் சண்டை போட்ட நாளுக்கெல்லாம் ஒரு ‘ச’ போட்டுவந்திருக்கிறார். ஐந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ரத்தம் வந்த ஒவ்வொரு தடவைக்கும் முன்னால் ‘ச’ ‘ச’ ‘ச’ என்று வரிசையாக நின்றது. அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, ‘அடக் கடவுளே, இத்தனை நாளும் இதையா திட்டினேன்’ என்றார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. வளையல் இறுகினால் நான் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அவர் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் உள்ளே வருவார். காபிக்கு ரயிலடி ஓட்டலுக்குப் போய்விடுவார். ஒருவாரம் உப்பில்லாத குழம்பை முணுமுணுக்காமல் சாப்பிடுவார்.

கட்டுரையின் கடைசியில் பிள்ளை பிறக்கும் என்று காத்திருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பிறக்கவில்லை. ஒருதடவை தங்கி இரண்டாம் மாதத்தில் கலைந்தது. ஆபரேஷனுக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை, பயம்தான் காரணம். மாத்திரை சாப்பிட்டால் ஒழுங்காக ஆகும், நிறுத்தினால் பழைய கதைதான். தினமும் சங்கி ரோடு பக்கம் வரைக்கும் நடக்கிறேன். மோவாய்க்குச் சாமணம் இருக்கிறது. கோபம் வருகிறது, வராமல் இருக்கச் செய்ய டாக்டராலும் முடியவில்லை. வருகிறது என்று முன்னாலேயே தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம். அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று, தெரியாமல் கஷ்டப்பட்டவர்களுக்குத்தான் புரியும்.

போன தை மாதம் என் தம்பிக்கு ஆரணியில் கல்யாணம். முகூர்த்தம் பதினோராம் தேதி. நாங்கள் ஒன்பதாம் தேதியே போய் இறங்கினோம். எனக்கு வந்து போய் ஒருவாரம்தான் ஆகியிருந்தது, மனசும் லேசாக இருந்தது. மாமியாருக்கு வீட்டுக்காரர் எழுதியதெல்லாம் வைத்தியம் நடக்கிறது, இப்போது தேவலை என்பது மட்டும்தான். பத்தாம் தேதி பொய் என்பது அவளுக்கு இன்னும் தெரியாது. பத்தாம் தேதி காலையில் பந்தக்கால் பக்கத்தில் பத்துப் பேர் நிற்கும்போது மாமியார் உரக்கக் கேட்டாள், இன்றைக்கு உன் தேதியாயிற்றே, இங்கே என்ன செய்கிறாய் என்று. அப்போது நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கையில் மஞ்சள் தட்டோடு என்னைப் பார்த்தாள். பக்கத்தில் அந்த அத்தை, சமையலறைக்குள் வந்து கேட்டாளே, அவளும் நின்றாள். பெங்களூரில் ஒரு வேற்று மனுஷியிடம், மேசைமேல் பேனாவைப் பார்த்துக்கொண்டு சொன்னதை, என் ஊரில் என் வீட்டு வாசலில் என்னால் சொல்ல முடியவில்லை. சொன்னால் பொய்க்காரியாகப் போவது நான் இல்லை, அம்மாதான். தம்பி கல்யாணத்துக்கு முதல்நாள்.

மறந்துபோயிட்டேன் அத்தை என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன். விறகுக் கொட்டகையில் பாய் போட்டார்கள். மறுநாள் கெட்டிமேளம் கேட்டது. அதை வைத்துத் தாலி ஏறிவிட்டது என்று தெரிந்துகொண்டேன். நான் போட வேண்டிய நாத்தி முடிச்சைச் சித்தி மகள் போட்டாள். எனக்கு ஒரே தம்பி. மத்தியானம் அம்மா இலையில் சோறு எடுத்துவந்து தூர வைத்தாள். போகாமல் அங்கேயே நின்றாள். “நான் சொன்ன பொய்க்கு நீ ஒக்காந்துக்கினு இருக்கே” என்றாள். பிறகு தூரம் பார்க்காமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் அப்போதுதான் வாய்விட்டு அழ முடிந்தது. இதை எங்கேயாவது எழுதிடு, என் பேரைச் சொன்னாலும் பரவாயில்லை என்று அம்மா சொன்னாள். பெயரைச் சொல்லவில்லை, எழுதிவிட்டேன்.

பெங்களூர் திரும்பியதும் ஜெயம்மாவுக்கு அதிரசம் எடுத்துக்கொண்டு போனேன். கல்யாணம் எப்படி என்று கேட்டாள். காதால் பார்த்தேன் என்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன். அவள் அதிரசத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுமுடித்தாள். ஊரில் உனக்கு இன்னும் பத்தாம் தேதியா என்றாள். ஆமாம் என்றேன். அவள் எழுந்து குடத்தை எடுத்தாள், வயிற்றில் பள்ளம் விழுந்த அதே பித்தளைக் குடம். அவளுக்கு அன்றைக்கு இரண்டாம் நாள் ஆகியிருந்தது, அதனால் குடத்தை வாசல்வரை கொண்டுவந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். நான் ஒரு கை தண்ணீர் தெளித்து அதை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். சுவரில் ஐந்து கட்டத்தில் எண் இருந்தது. ஆறாவது காலியாக இருந்தது. அதன் எதிரில் நின்று அவளுக்கு எட்டுக் குடம் பிடித்தேன்.